வளரும் நாடுகளுக்கான அறிவியல் செய்தி: பணம் யாருடையது, வாசகர் யார்?

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் திண்டுக்கல் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, வளரும் நாடுகளின் விவசாயம், சுகாதாரம், தண்ணீர் பற்றி அறிவியல் செய்தி வெளியிடும் லாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றில் எழுதக் கூப்பிடுகிறார்கள். இது உண்மையான பத்திரிகை வேலைதானா, இல்லை பணம் கொடுப்பவர்களுக்கு விளம்பரம் எழுதும் வேலையா? தமிழில் இதைச் செய்ய வழி இருக்கிறதா?"

பதில் நீளும். இதே பெங்களூரில் பல வருடங்களாக இந்தத் துறையில் எழுதியும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் வருகிறேன். இந்தக் கேள்வியை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் நேரடியான பதில். பத்திரிகை வேலைதான், அந்த நிறுவனம் அதற்கு இடம் கொடுத்தால். இடம் கொடுக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. தனக்குப் பணம் கொடுப்பவரின் திட்டம் எங்காவது தோற்றபோது, அந்தத் தோல்வியைப் பற்றி அது எழுதியிருக்கிறதா? பழைய கட்டுரைகளை எல்லாம் தேடிப் பாருங்கள். எழுதியிருந்தால் தயங்காமல் சேருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அது திட்ட அறிக்கை எழுதும் வேலையாகத்தான் முடியும். இந்தச் சோதனையை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். இப்படி ஒரு பத்திரிகைத்துறை எதற்காகத் தேவைப்பட்டது என்பது முதலில் புரிய வேண்டும்.

உங்கள் மாவட்டத்து மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 கடைசியில் பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் படைப்புழு மக்காச்சோளக் காடுகளைத் தின்று தீர்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் புழு நம் நாட்டுக்குச் சொந்தமானது இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி அது. 2016 தொடக்கத்தில் நைஜீரியா, பெனின், டோகோ போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் முதல்முறையாகத் தென்பட்டது. அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கும். இரண்டே வருடத்தில் சகாராவுக்குத் தெற்கே கிட்டத்தட்ட எல்லா நாடுகளுக்கும் பரவிவிட்டது. கட்டுப்படுத்தாமல் விட்டால் மக்காச்சோளம் விளையும் 12 ஆப்பிரிக்க நாடுகளில் மட்டும் வருடத்துக்கு 83 லட்சம் டன் முதல் 2 கோடியே 6 லட்சம் டன் வரை இழப்பு வரும் என்று கேபி என்ற பன்னாட்டு வேளாண் அமைப்பு 2017 செப்டம்பரில் கணக்கிட்டுச் சொன்னது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் புழு தென்பட்டது. ஜூலையில் நம் ஹெப்பாளில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக்குள் வர அதற்கு நாள் பிடிக்கவில்லை.

2016-க்கும் 2018-க்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு வருடம்தான் என் கவலை. அந்தச் சமயத்தில் கானாவிலும் கென்யாவிலும் விவசாயிகள் என்னென்ன செய்து பார்த்தார்கள், எந்த மருந்து வேலை செய்யவில்லை, மண்ணையும் சாம்பலையும் குருத்தில் போட்டவர்களுக்குப் பலன் கிடைத்ததா, எந்த ஒட்டுண்ணிக் குளவி அங்கே தானாகவே வந்து புழுவைத் தாக்கியது என்பதெல்லாம் செய்தி. பெரம்பலூரில் விதைப்புக்கு முன்பே ஒருவர் இதைப் படித்திருந்தால், புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவக் கோடு இருக்கும் என்றாவது தெரிந்திருக்கும். முதல் வாரமே இலையைப் புரட்டிப் பார்த்திருப்பார்.

ஆனால் அந்தச் செய்தியைத் தர ஒரு வணிகப் பத்திரிகைக்கு என்ன வருமானம் இருக்கிறது? ஆப்பிரிக்காவுக்கு நிருபரை அனுப்பும் செலவை யார் கொடுப்பார்கள்? பூச்சிமருந்துக் கம்பெனியின் விளம்பரம் பூச்சி வந்த பிறகுதான் வரும். வாசிக்க வேண்டியவரிடம் சந்தா கட்டப் பணம் இல்லை. அவரை நோக்கி விளம்பரம் செய்ய யாருக்கும் அவசரமும் இல்லை. சந்தையால் இந்த இடத்தை நிரப்ப முடியாது. அதனால்தான் மானியத்தில் நடக்கும் பத்திரிகைகள் வந்தன.

இந்தத் துறையில் அடிக்கடி கேள்விப்படப்போகும் பெயர் சைடெவ்.நெட், வளரும் நாடுகளுக்கான அறிவியல் செய்தித்தளம். 1999-இல் புடாபெஸ்டில் உலக அறிவியல் மாநாடு நடந்தபோது, அதைப் பற்றி எழுத 'நேச்சர்' ஆய்விதழின் செய்திப் பிரிவு தனியாக ஓர் இணையதளம் நடத்தியது. உலக வங்கி பணம் கொடுத்தது. அந்த முயற்சியிலிருந்து வளர்ந்து 2001 டிசம்பரில் சைடெவ்.நெட் தொடங்கியது. நிறுவியவர் 'நேச்சர்' இதழின் செய்தி ஆசிரியராக இருந்த டேவிட் டிக்சன். 2013-இல் காலமானார். பிரிட்டன், ஸ்வீடன் அரசுகளின் உதவி நிறுவனங்களும் வளர்ச்சி ஆராய்ச்சிக்கு நிதி தரும் கனடாவின் ஐடிஆர்சி அமைப்பும் நிதி கொடுத்தன. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு மொழிகளில் பகுதி வாரியாகப் பதிப்புகள் வந்தன. நைரோபியிலோ தாக்காவிலோ இருக்கும் நிருபர் தன் நாட்டைப் பற்றித் தானே எழுதுவது அங்கே வழக்கமானது. லண்டனிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி எழுதிவிட்டுப் போகும் பழக்கத்தை அது உடைத்தது. இதைப் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

நம் நாட்டில் இதற்கு முன்பே வேர் இருந்தது. டெல்லியில் சுற்றுச்சூழல் பத்திரிகையாளர் அனில் அகர்வால் 1980-இல் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 1992 மே மாதம் 'டவுன் டு எர்த்' இதழ் வர ஆரம்பித்தது. டெல்லியில் பேருந்துகள் டீசலை விட்டுவிட்டு சிஎன்ஜிக்கு மாறியதில் அந்த மையத்தின் ஆய்வுக்கும் எழுத்துக்கும் பெரிய பங்கு உண்டு. 1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல இழுபறிகளுக்குப் பிறகு 2002 கடைசியில்தான் மாற்றம் முடிந்தது. மும்பையில் 2011-இல் புள்ளிவிவரத்தை மையமாக வைத்து 'இந்தியா ஸ்பெண்ட்' வந்தது. 2014 கடைசியில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணையதளம் கிராம மக்களின் தொழிலையும் வாழ்வையும் பதிவு செய்கிறது. 2018-இல் மோங்காபே என்ற சுற்றுச்சூழல் செய்தித்தளத்தின் இந்தியப் பதிப்பு வந்தது. நம் பெங்களூரில் 2007-இலிருந்து 'இந்தியா வாட்டர் போர்ட்டல்' தண்ணீர் பற்றிய அறிவைச் சேர்த்து வைக்கிறது. 2015-இல் இங்கேதான் பொதுநல ஊடக அறக்கட்டளை ஒன்று உருவாகி, இந்தியக் கொடையாளர்களின் பணத்தைச் சுயேச்சை ஊடகங்களுக்குக் கொடுத்து வருகிறது.

இப்போது பணத்துக்கு வருவோம்.

கம்மம் மாவட்டத்தில் நடந்தது இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஒரு செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. நடத்தியது 'பாத்' என்ற அமெரிக்க லாப நோக்கற்ற அமைப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் உடன் இருந்தன. கேட்ஸ் அறக்கட்டளை நிதி கொடுத்தது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளில் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

பிறகு விசாரணைக் குழு ஆராய்ந்து, அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்று சொன்னது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா என்று வேறு காரணங்கள் இருந்தன. அதே விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. விடுதியில் தங்கிப் படித்த ஏழைச் சிறுமிகளின் சம்மதப் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் வார்டன்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு 'பாத்' அமைப்பையும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் கடுமையாகக் கண்டித்தது.

இங்கே ஒரு பத்திரிகையாளர் இரண்டு விஷயங்களை ஒரே கட்டுரையில் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, தடுப்பூசி அந்தச் சிறுமிகளைக் கொன்றதாகச் சான்று இல்லை. இரண்டு, அவர்களிடமும் பெற்றோரிடமும் சம்மதம் வாங்கிய முறை பெரிய அநீதி. முதலாவதை மட்டும் எழுதினால் திட்டம் நடத்தியவர்களின் செய்திக்குறிப்பு ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் எழுதி மரணங்களைப் பக்கத்தில் வைத்தால், உயிர் காக்கும் ஊசியின் மேல் ஒரு தலைமுறைக்கே சந்தேகம் விதைக்கப்படும். இரண்டுமே நடந்தன. சரி, இதே கேட்ஸ் அறக்கட்டளை உலகெங்கும் சுகாதாரப் பத்திரிகைக்கும் நிதி கொடுக்கிறது. 2010-இல் பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ் தொடங்கிய வளர்ச்சிப் பகுதிக்கும் அந்த நிதி போனது. அப்படி நிதி வாங்கும் ஒரு பத்திரிகையில் கம்மத்தைப் பற்றி முழுதாக எழுத உங்களை விடுவார்களா என்பதுதான் நான் மேலே சொன்ன சோதனை.

நல்ல நிதியாளர்கள் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள், தம்பி. ஒப்பந்தத்திலேயே 'ஆசிரியர் குழுவின் முடிவில் நிதியாளர் தலையிட மாட்டார், கட்டுரையை வெளியீட்டுக்கு முன் பார்க்க மாட்டார்' என்று எழுதி வாங்கலாம். அந்த வரி இருக்கிறதா என்று வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் வெளிப்படையான தலையீட்டைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. தலைப்புகளே நிதியால் தீர்மானமாகிவிடுகின்றன. மலேரியாவுக்கு நிதி உண்டு, எழுதலாம். பருவநிலைக்கு உண்டு, எழுதலாம். பாம்புக்கடிக்கு? மனநலத்துக்கு? சாயப்பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலுக்கு? யாரும் எழுதாதே என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கென்று பட்ஜெட்டில் வரி இல்லை. இந்தியாவில் பாம்புக்கடியால் இறப்பவர்கள் வருடத்துக்குப் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் கிராமத்து விவசாயிகள். உலக சுகாதார நிறுவனமே 2017-இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம் கிடைத்த பிறகுதான் நிதி நகரும், நிதி நகர்ந்த பிறகுதான் செய்தி வரும். இந்த வரிசையைத் திருப்பிப் போடுவது பத்திரிகையாளரின் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் சேரும் இடத்தில் எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாத பொதுநிதி கொஞ்சமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தப் பணத்தில்தான் இப்படிப்பட்ட கட்டுரைகள் வரும்.

உரிமையாளர் யார் என்பதும் நிதியைப் போலவே முக்கியம். 2017-இல் சைடெவ்.நெட் கேபி அமைப்பின் ஒரு பகுதியானது. படைப்புழுவைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் திட்டங்கள் நடத்துவதும் அதே கேபிதான். இதனால் அங்கே வரும் செய்தி பொய் என்று ஆகாது. ஆனால் படைப்புழுக் கட்டுரையின் கீழே இந்த உறவு ஒரு வரியில் சொல்லப்பட வேண்டும். வாசகருக்கு அந்த உரிமை உண்டு.

இந்தியச் சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, பதிவு பெற்ற பத்திரிகைகளின் ஆசிரியர்கள், நிருபர்கள், உரிமையாளர்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதைத் தடை செய்கிறது. ஒலி, காட்சிச் செய்தி தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் அதே தடைதான். 2020 திருத்தம் இன்னும் இறுக்கியது. ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குப் பகிர முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. அதனால் இங்கே இருக்கும் லாப நோக்கற்ற செய்தி நிறுவனங்கள் பெரும்பாலும் உள்நாட்டுக் கொடையாளர்களையும் வாசகர்களையும் நம்பித்தான் ஓடுகின்றன. அந்தப் பாதையிலும் இடர் உண்டு. 2025 ஜனவரியில் 'ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்' என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் தன் லாப நோக்கற்ற தகுதியை வருமான வரித்துறை ரத்து செய்துவிட்டதாக அறிவித்தது. பத்திரிகை வேலை பொதுநலனா இல்லையா என்பதே அங்கே கேள்வியாகிவிட்டது. அதே மாதம் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும், உலகெங்கும் சுற்றுச்சூழல் நிருபர்களுக்குச் சிறு மானியங்கள் கொடுத்து வந்த இன்டர்நியூஸ் போன்ற அமைப்புகள் ஆட்டம் கண்டன. சம்பளம் பெரிதில்லை என்றால் சமாளித்துக்கொள்ளலாம். மூன்று வருட மானியம் முடிந்ததும் வேலை இருக்குமா என்பதைக் கேட்டுக்கொண்டு சேருங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எழுதும் முறையைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்கிறேன், அதில் எல்லாம் அடங்கிவிடும். 1999-இல் டெல்லியைச் சேர்ந்த ஒரு பனிப்பாறை ஆய்வாளரிடம் பேசி 'நியூ சயின்டிஸ்ட்' என்ற அறிவியல் வார இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 2035-க்குள் மத்திய, கிழக்கு இமயப் பனிப்பாறைகள் மறைந்துவிடலாம் என்ற கருத்து அதில் இருந்தது. அதற்கு ஆதாரமாக வெளியான ஆய்வுக் கட்டுரை எதுவும் இல்லை. 2005-இல் ஒரு சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனத்தின் அறிக்கை அந்தச் செய்தியை மேற்கோள் காட்டியது. 2007-இல் ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி அந்த அறிக்கையை ஆதாரமாகக் காட்டி 2035 என்ற ஆண்டைத் தன் மதிப்பீட்டில் போட்டுவிட்டது. 2010 ஜனவரியில் ஐபிசிசி வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. இமயத்தில் பனி உருகுவது உண்மை. ஆனால் அந்த ஓர் ஆண்டுக் கணக்கு, பருவநிலை மாற்றமே கட்டுக்கதை என்று சொல்பவர்களின் கையில் ஆயுதமானது. கங்கைக் கரையில் வாழும் கோடிக்கணக்கான மக்களைப் பற்றிய ஒரு கூற்று, ஒரு தொலைபேசிப் பேச்சிலிருந்து கிளம்பி, யாரும் மூலத்தைத் திறந்து பார்க்காமலே உலகின் மிக உயர்ந்த அறிவியல் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. செய்திக்குறிப்பை நம்பி எழுதாதீர்கள். ஆய்வுக் கட்டுரையைத் திறந்து, முறை என்ற பகுதியையும், நிதி யாருடையது என்று கடைசியில் பொடி எழுத்தில் இருப்பதையும் படித்த பிறகு எழுதுங்கள். அந்த ஆய்வில் பங்கில்லாத இன்னொரு விஞ்ஞானியிடம் கட்டாயம் பேசுங்கள். நீங்கள் ஆய்வகத்தில் இருந்து வருபவர், ஒரு கட்டுரையின் படத்தைப் பார்த்தே சந்தேகப்படத் தெரியும். பத்திரிகைப் படிப்பு படித்த பலருக்கு இல்லாத பலம் அது.

கடைசிக் கேள்வி, தமிழ். இதைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

வளரும் நாடுகளுக்கான அறிவியல் செய்தி என்று சொல்லிக்கொண்டு வருவதில் பெரும்பகுதி, அந்த நாடுகளின் அமைச்சகச் செயலாளர்களும் ஆய்வாளர்களும் கொடையாளர்களும் படிக்கும் மொழியில் வருகிறது. கொள்கை வகுப்பவர் கையில் சரியான தகவல் போய்ச் சேர்ந்தால் மக்களுக்குப் பலன் தானாக இறங்கும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். டெல்லி பேருந்துகள் மாறியது அப்படித்தான். ஆனால் படைப்புழுவைப் போன்ற விஷயத்தில் முடிவெடுப்பவர் வயலில் நிற்பவர்தான். ஐந்தாவது நாள் மருந்தடிப்பதா வேண்டாமா என்பதை எந்தச் செயலாளரும் அவருக்காக முடிவு செய்வதில்லை. அவருக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும்.

இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் புதுச்சேரியைக் காட்டுங்கள். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. பணம் கொடுத்தது ஐடிஆர்சி, பின்னாளில் சைடெவ்.நெட்டுக்கும் கொடுத்த அதே கனடா அமைப்பு. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். 'நம்ம ஊரு சேதி' என்று ஒரு பத்திரிகையும் வந்தது. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஊரே தப்பித்தது. ஒவ்வொரு நாளும் அதே ஒலிபெருக்கியில் சரியான தகவல் வந்துகொண்டிருந்ததால், அன்று அது சொன்னதையும் மக்கள் நம்பி ஓடினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இன்று வழிகள் இன்னும் அதிகம். பாரியின் கட்டுரைகள் தமிழிலும் வருகின்றன. சைடெவ்.நெட் தன் கட்டுரைகளை, பெயர் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் மறுவெளியீடு செய்துகொள்ளலாம் என்ற பொது உரிமத்தில் தருகிறது. மொழிபெயர்க்கவும் அதில் இடம் உண்டு. வேறு சில நிறுவனங்களின் உரிமத்தில் 'மாற்றம் கூடாது' என்று இருக்கும். மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கருதப்படும் என்பதால் அங்கே அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' போன்ற இதழ்கள் குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லிப் பழகியவை. அங்கே எழுதிப் பார்த்தால் கலைச்சொல் குவியலில் விழாமல் எழுதும் கை வரும்.

ஆனாலும் மொழிபெயர்ப்போடு நின்றுவிடாதீர்கள். கென்யப் புழுவைத் தமிழில் சொல்வது பாதி வேலை. மீதிப் பாதி, இந்த ஊரிலிருந்தே எழுத வேண்டியது. உங்களுக்கு ஒரு கட்டுரை யோசனை தருகிறேன்.

பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதும், 2017-இலும் 2018-இலும் அது தீப்பற்றி எரிந்ததும் உலகச் செய்தியாகின. அந்தத் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேருகிறது. அந்த ஆறு எல்லையைத் தாண்டியதும் முதலில் சந்திப்பது ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை. மழைக்காலத்தில் அணையைத் திறந்தால் ஆற்றில் நுரை மலைபோல் மிதந்து வரும். அந்தப் படம் தமிழ்ச் செய்திகளில் ஒவ்வொரு வருடமும் வருகிறது. பெல்லந்தூரைப் பற்றி ஆங்கிலத்தில் வருவது நகரவாசியின் ஏரி, அபார்ட்மெண்ட், நாற்றம். கெலவரப்பள்ளியைப் பற்றித் தமிழில் வருவது நுரையின் படமும் விவசாயிகளின் புகாரும். இரண்டும் ஒரே ஆறு. சோப்புத்தூளில் இருக்கும் நுரைக்கும் வேதிப்பொருள் சுத்திகரிக்கப்படாத சாக்கடையில் எவ்வளவு வருகிறது, ஆறு ஓடும் வழியில் அது எவ்வளவு சிதைகிறது, அணையை எட்டும்போது எவ்வளவு மிச்சம், அந்தத் தண்ணீர் பாய்ந்த கீரையிலும் தீவனப் புல்லிலும் என்ன இருக்கிறது என்று ஆற்றோடு நடந்து போய் எழுதும் கட்டுரை தமிழில் வந்தால், கிருஷ்ணகிரியிலிருந்து கடலூர் வரை அதைப் படிக்க ஆள் இருப்பார்கள்.

பெங்களூரின் சாக்கடையை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்துக் கோலார் ஏரிகளை நிரப்பும் கோரமங்கலா சல்லகட்டாத் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2018-இல் அது தொடங்கியபோது அங்கேயும் ஓர் ஏரியில் நுரை வந்து வழக்கு வரை போனது. வறண்டு கிடந்த கிணறுகளில் தண்ணீர் ஏறியதாகச் சொல்லும் விவசாயிகளும் அங்கே இருக்கிறார்கள், மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு இல்லாமல் நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கம்மத்தைப் போலவே இங்கேயும் இரண்டு பக்கத்தையும் முழு எடையோடு எழுத வேண்டியிருக்கும்.

தொடங்க வேண்டியது இப்படி. கர்நாடக, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் இரண்டிடமும் தென்பெண்ணையின் மாதாந்திர நீர்த்தர அளவீடுகளை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அது வருவதற்குள் இந்திய அறிவியல் கழகத்தில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை ஆராய்ந்தவர்களின் அறிக்கைகளைப் படித்து முடித்துவிடுங்கள், அவை பொதுவெளியில் கிடைக்கின்றன. சனிக்கிழமை காலை ஓசூர் பஸ் ஏறினால் மதியத்துக்குள் அணையில் இருப்பீர்கள். அதிகாரியிடம் போவதற்கு முன் வாய்க்கால் கடைமடையில் தண்ணீர் பாய்ச்சும் பெண்களிடம் பேசுங்கள், கையில் அரிப்பு வருகிறதா, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்கிறதா என்று கேளுங்கள். உங்களைக் கூப்பிட்ட நிறுவனத்திடம் இதையே முதல் கட்டுரையாக, ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள். நிதி இல்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, வெளியிட வேறு இடம் நான் தேடித் தருகிறேன்.